தொரையைக் கேட்டு வந்தவர்

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். திருவிடைமருதூரில் அத்தை வீட்டுக் கொல்லையில் எந்நேரமும் ஏழெட்டு நாய்கள் கிடக்கும். அத்தை மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பஸ்ஸில் அடிபட்டவை, வீடு மாற்றிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை எல்லாம் எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்துவிடும். குட்டிகளுக்குக் கிராக்கி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அத்தை நாலு பேரிடம் சொல்லிவைத்தால், சாயங்காலத்துக்குள் இரண்டு குட்டியாவது போய்விடும்.

தொரையை மட்டும் யாரும் கேட்டதில்லை. கருப்பு, ஒரு கண் தெரியாது, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும். கூப்பிட்டால் வராது, நாம்தான் அதனிடம் போக வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். லீவுக்குப் போனால் அதற்குச் சோறு பிசைந்து வைப்பது என் வேலை. ஆகவே அது என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் வந்தார். மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். நான் முந்திக்கொண்டு ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கி வந்து காட்டினேன். அவர் அதைத் தடவிக் கொடுத்துவிட்டு அத்தையிடம் கேட்டார்:

“இதுல ரொம்ப வயசானது எதும்மா?”

அத்தை தொரையைக் காட்டினாள். இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டார். மிஞ்சிப் போனால் இரண்டு மூன்று என்றாள்.

“அது போதும்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீக்கிரம் செத்துப்போகிற நாயாகத் தேடுகிறவர் எப்படி அதைப் பார்த்துக்கொள்வார்?

“அது கடிக்கும் தாத்தா” என்றேன்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். யார் கூப்பிட்டும் எழாத தொரை காலை இழுத்துக்கொண்டு வந்து, அந்தக் கையை முகர்ந்துவிட்டு, அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றும்போது நான் அத்தையின் பின்னால் நின்று அழுதேன்.

அதன் பிறகு தொரைக்கு மருந்து வாங்க அடிக்கடி வந்தார். லீவில் நான் இருந்தால், என்ன சாப்பிட்டது, எங்கே படுக்கிறது என்று அதிகாரி மாதிரி விசாரிப்பேன். தயிர்சாதம், மீன் தலை, தன் கட்டிலுக்கடியில் என்று அவரும் பணிவாகப் பதில் சொல்வார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மூன்றாம் வருஷம் அரைப்பரீட்சை லீவின்போது வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நாற்காலியில் உட்கார அத்தை கைகொடுக்க வேண்டியிருந்தது. தொரை தூக்கத்திலேயே போய்விட்டதாகவும், தன் வீட்டுக் கொல்லை வேப்பமரத்தடியில் புதைத்ததாகவும் சொன்னார். வேறொன்று வேண்டுமா என்று அத்தை கேட்கவில்லை.

“நல்லவேளை, எனக்கு முன்னாடி போயிட்டாம்மா” என்று சொல்லிச் சிரித்தார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ அந்தச் சிரிப்பைப் பொறுக்கவே முடியவில்லை. கிளம்பும்போது என் தலையைத் தொட்டுச் சொல்லிக்கொள்ள அவர் கையை நீட்டினார். நான் விலகி நின்றுகொண்டேன்.