பச்சை நூலில் மூன்று தையல்

இன்று ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஹெலன் அக்காவைச் சந்தித்தேன். என் பஸ் போனதே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கைத்தையல். வருஷத்துக்கு ஒருமுறை பதினொரு ஜோடி கறுப்பு ஷூவுக்குத் தனி ஆர்டர் வரும். பிராண்ட் கிடையாது. குதிகாலுக்கு மேலே பச்சை நூலில் மூன்று தையல், அதுதான் அடையாளம். பேரில்லாத ஏதோ சங்கமாம், ரொம்பப் பெரிய ஆட்களாம், வெளியே பேசக் கூடாதாம். சூப்பர்வைசர் சொன்னது அவ்வளவுதான். அந்தத் தையலை அக்கா மட்டுமே போடுவார். கடைசித் தையல் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

அவர் தெருவில் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. தோல் பதனிடும் ஷாப்களின் கழிவு இறங்கி, தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது. கேஸ் போட்டார்கள். ஒன்பது வருஷத்தில் அது நாட்டின் ஆகப் பெரிய கோர்ட் வரை போனது. கடைசி வாய்தாவுக்குத் தெரு சார்பில் அக்கா போனார்.

எங்கள் ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்போம். வராந்தாவில் நீதிபதி நடந்து போனார். பச்சை நூல். எதிர்த்தரப்பு வக்கீல் காலிலும் அதே. தெருவுக்காக வாதாட வந்த கோதண்டராமன் சார் காலிலும் அதே சாய்ந்த தையல். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"சார், இது நான் தெச்சது சார். ஜட்ஜ் ஐயா போட்டுனு போறாரே, அதுவும் நான்தான்."

அவர் நிமிரவே இல்லை. "இத வேற யார்கிட்டயாவது சொன்னியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நிமிஷத்தில் கேஸ் தள்ளுபடி. திரும்பி வந்த ரயில் காட்பாடி சேர்வதற்குள் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை கம்பெனி கேட்டிலேயே நிறுத்தி, இனி வேலை இல்லை என்றுவிட்டார்கள்.

தெருவில் அக்கா எதையும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூவம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "பெருமைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா, நல்ல தண்ணி குடிச்சிருப்போம்டி."

இப்போது தண்ணி லாரி வந்தால் அக்கா குடம்தான் கடைசி. அவரும் தன் வாயால்தான் கெட்டது என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் ஒரே சங்கம் என்றால், அவர் வாயைத் திறக்கும் முன்பே கேஸ் முடிந்துபோனதுதானே?

இதைத் தயவுசெய்து ஷேர் பண்ணுங்கள். ஆம்பூர் ஆட்கள் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்கள். அந்தப் பன்னிரண்டு வீட்டில் ஒரு போனுக்குப் போய்ச் சேர்ந்தால்கூடப் போதும்.