ரீசெட் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேசணும்

செல்ஃபோன் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் பொய், "இதுல ஒண்ணும் முக்கியமா இல்ல, எல்லாத்தையும் அழிச்சிருங்க" என்பதுதான்.

வில்லாபுரத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது கடை எங்களுடையது. எங்கள் என்றால், நானும் சேகர் அண்ணனும். உடைந்த கண்ணாடி, உப்பிய பேட்டரி, வாளித் தண்ணீரில் விழுந்தது எல்லாம் அவர் மேசைக்குப் போகும். ஃபோன் நின்று நின்று ஓடுகிறது, திறக்கிற பேட்டர்ன் மறந்துவிட்டது, விற்கப் போகிறோம், இந்த மாதிரிக் கேஸெல்லாம் என் மேசைக்கு வரும். என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் ஃபேக்டரி ரீசெட்தான். அதாவது, ஃபோனை வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரி வெறுமையாக்கிக் கொடுப்பது. பட்டனை அழுத்த ஒரு நிமிஷம் போதும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்பதற்குத்தான் அரை மணி நேரம் ஆகும். நீங்களும் எப்போதாவது அந்தப் பட்டனை அழுத்திவிட்டு, அழுத்திய மறுநொடியே எதையோ நினைத்துக்கொண்டு தலையில் கைவைத்தவர் என்றால், வாங்க, நீங்கள் நம்ம ஆள்தான்.

எடுக்காதே ஒண்ணு, எடுக்காதே ரெண்டு

பாண்டியம்மா அக்காவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை. ஃபோன் ஆமை மாதிரி ஊர்கிறது என்று கொண்டுவந்தார். திறந்து பார்த்தால், இடம் முழுவதும் காலை வணக்கப் படங்கள். எல்லாவற்றிலும் ரோஜா, தாமரை, மல்லிகை. "விடியக் கருக்கல்லருந்து பூவுலதான் கெடக்கேன். அதுலயும் பூவத்தான் அனுப்புறாய்ங்க. எல்லாத்தையும் அழிச்சிரு தங்கச்சி. எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். "நம்பர்களும் வேண்டாமா அக்கா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. நானூறு நம்பர், எல்லாமே ஃபோனுக்குள் மட்டும் இருந்தன. மெயிலில் ஒன்றுகூட ஏறவில்லை. அவர் சொன்னபடி அழித்திருந்தால் மறுநாள் எந்த ஊர் மல்லிக்கும் அவரால் ஃபோன் போட்டிருக்க முடியாது.

நம்பர்களை அவருடைய மெயிலில் ஏற்றினேன். ஏற்றினால் மட்டும் போதாது, ஏறியிருக்கிறதா என்று வேறொரு இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரில் அக்காவையே பாஸ்வேர்டு போடச் சொல்லித் திறந்தோம். 'முருகன் மல்லி', 'முருகன் சம்பங்கி', 'முருகன் பேச்சுக்காரன்' என்று வரிசையாக வந்தது. கொஞ்சம் கீழே போனால் 'எடுக்காதே ஒண்ணு', 'எடுக்காதே ரெண்டு' என்று ஏழு வரைக்கும் இருந்தது. பார்த்து முடித்ததும் அவரை மெயிலிலிருந்து வெளியே வரச் சொன்னேன். பிறகு ரீசெட் முடிந்து எல்லா நம்பரும் திரும்ப வந்ததும், "வேணும்னா அந்த எடுக்காதே ஏழையும் இப்பவே தூக்கிரலாம் அக்கா" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருக்கட்டும் தங்கச்சி. யாருன்னு தெரிஞ்சாத்தான எடுக்காம இருக்க முடியும்."

தனராஜ் சாரின் பாஸ்வேர்டு

தனராஜ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ஃபோன் அடிக்கடி நின்றுபோகிறது என்று, ஏதோ வீடியோவைப் பார்த்து, பவர் பட்டனையும் சத்தப் பட்டனையும் சேர்த்து அமுக்கி, வீட்டிலேயே ரீசெட் போட்டுவிட்டார். செட்டிங்ஸ் வழியாக முறைப்படி போயிருந்தால் முதலில் பேட்டர்ன் கேட்டிருக்கும், மெயிலை எடுத்துவிட்டும் அழித்திருக்கலாம். இப்படிப் பின்வாசல் வழியாகப் போனால் ஃபோன் சந்தேகப்படும். முன்னால் இருந்த மெயில், அதன் பாஸ்வேர்டு இரண்டையும் சொல்லாமல் உள்ளே விடாது. "திருடனுக்காக வச்ச பூட்டு சார் இது" என்றேன். "நான் கணக்கு வாத்தியாரும்மா" என்றார் அவர், அதை ஃபோனிடமும் ஒருதரம் சொல்லிப் பார்த்திருப்பார் போல. பில்லும் பெட்டியும் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்தப் பூட்டை நாங்கள் உடைப்பதில்லை. பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகலாம், இல்லையென்றால் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கலாம் என்றேன்.

மெயிலை உண்டாக்கிக் கொடுத்தது கோயம்புத்தூரில் இருக்கும் மகள். என் ஃபோனிலிருந்து கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். "அப்பா, ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க, தனியாச் சொல்றேன்" என்றாள். பாஸ்வேர்டை நாலு பேருக்கு நடுவில் சொல்லக் கூடாது என்று நானும் சொன்னேன். சார் கேட்கவில்லை. "இங்க எல்லாரும் நம்ம மக்கதான். எனக்குக் காது கேக்கணும்ல. நீ சத்தமாச் சொல்லு" என்று அதட்டினார். பிறகு சொன்னாள். இங்கிலீஷ் எழுத்தில் 'அப்பா கத்தாதீங்க', நடுவில் இடம் விடாமல், கடைசியில் ஒன்று இரண்டு மூன்று.

சார் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஃபோன் திறந்துகொண்டது. சேகர் அண்ணன் சிரிப்பை அடக்க, கழற்றிப் போட்ட ஒரு போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். கடை முழுக்கக் கேட்டுவிட்டதால் அங்கேயே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சார் கேட்டார்: "பாஸ்வேர்டுன்னா பாதுகாப்புக்குன்னுல சொன்னீங்க. இது புகார் மனு மாதிரி இருக்கேம்மா?"

குளிக்கப் போன நேரம்

ஒருநாள் காலையில் ஒரு அம்மா வேகமாக வந்து ஒரு ஃபோனை நீட்டினார். "எங்க வீட்டுக்காரரோடது. எந்நேரமும் அந்தக் குட்டி வீடியோவையே தள்ளிக்கிட்டு இருக்காரு. ரீசெட் போட்டா அந்தக் கருமம் போயிரும்ல? குளிக்கப் போயிருக்காரு, பத்து நிமிஷத்துல போட்டுக் குடுங்க." ஃபோன் யாருடையதோ அவர் வாயால் சொல்லாமல் நாங்கள் அழிப்பதில்லை என்றேன். சார்ஜும் எட்டு பெர்சன்ட்தான் இருந்தது. பாதியில் அணைந்தால் ஃபோனே எழுந்திருக்காமல் போகலாம், பாதிக்கு மேல் சார்ஜ் வேண்டும் என்பதையும் காட்டினேன். கோபமாகத்தான் போனார்.

நாலைந்து நாள் கழித்து ஒருவர் வந்தார். நிதானமான ஆள். "இது என் சம்சாரத்தோட ஃபோன். சீரியலாப் பாத்துத் தள்ளுறா, சோறு வைக்கச் சொன்னாக்கூட 'இந்தா முடியப் போவுது'ங்கிறா. கோயிலுக்குப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள ரீசெட் போட முடியுமா?" ஃபோன் முகப்பில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. அன்றைக்கு அந்த அம்மா கொண்டுவந்த ஃபோனிலும் இதே படம்தான். அவருக்கும் அதே பதிலைச் சொல்லி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், வாசலிலிருந்தே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டு. எதையும் அழிக்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை நிமிஷம்தான் என்று ஆப்புக்குக் கெடு வைக்கும் வசதி ஃபோனிலேயே இருக்கிறது. இவர் ஃபோனில் அவரும், அவர் ஃபோனில் இவருமாக நிமிஷத்தை முடிவு செய்தார்கள். ஏலம் கேட்கிற மாதிரி இருந்தது. அவர்கள் போன பிறகு சேகர் அண்ணன் சொன்னார்: "அவரு குளிக்கும்போது இந்தம்மா வருது, இந்தம்மா கோயிலுக்குப் போகும்போது அவரு வர்றாரு. ஃபோனை விடு செல்வி, ரெண்டு பேரும் எப்பத்தான் வீட்ல ஒண்ணா இருக்காங்க?"

நான் தொடாத ஃபோன்

ஒரு பெண் மூன்று நாள் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனாள். உள்ளே ஆண்கள் நின்றால் போய்விடுவாள். நாலாம் நாள் சேகர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது வந்து உட்கார்ந்தாள். ஜவுளிக்கடையில் வேலை. இந்த ஃபோனைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க வேண்டும். ஆனால் இதில் கல்யாணத்துக்குப் பேசி முறிந்துபோன ஒருவனுக்கு அனுப்பிய படங்கள் இருந்தன. "அழிச்சாலும் தோண்டி எடுத்துருவாங்களாமே அக்கா?" என்று கேட்டாள். ஃபோனைக் கவுண்டர் மேல் வைக்கவே இல்லை, மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எங்கிட்டத் தர வேணாம். நான் சொல்லச் சொல்ல நீயே செய்" என்று நாற்காலியைத் திருப்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முதலில் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றச் சொன்னேன். ஃபோனை அழித்தாலும் கார்டில் இருப்பது அப்படியே இருக்கும். அடுத்து, அவள் மெயில் எந்தெந்த ஃபோனில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். "என்னென்ன ஃபோன் காட்டுதும்மா?" என்றேன். "அவன் ஃபோன் இருக்கு அக்கா. இன்னமும் இருக்கு." எப்போதோ அவன் ஃபோனில் ஒருதரம் மெயில் பார்த்திருக்கிறாள், மூடவில்லை. எடுக்கிற படமெல்லாம் தானாக மெயிலில் ஏறுகிற வகை அது. கையிலிருப்பதை மட்டும் அழித்துவிட்டுப் போயிருந்தால், நாளைக்குப் புது ஃபோனில் எடுப்பதையும் அவன் அங்கே உட்கார்ந்து பார்த்திருப்பான். பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். அவன் ஃபோனைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். மெயிலில் ஏறிய படங்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். அனுப்பினது அவன் ஃபோனில் இருந்தால் அதை இங்கிருந்து அழிக்க முடியாது, அவன் மிரட்டினால் ஒளிக்காமல் சைபர் போலீஸுக்குப் போக வேண்டும், நானும் கூட வாரேன் என்றும் சொன்னேன். தலையாட்டினாள். அதன் பிறகுதான் ரீசெட்.

இப்போது வருகிற ஃபோன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டி எழுதியிருக்கும், ரீசெட் போட்டால் சாவியே அழிந்துவிடும், தோண்டினாலும் ஒன்றும் விளங்காது. ஆனாலும் அவள் மனசு ஆறவில்லை. சரி, பழசு இருந்த இடத்தையெல்லாம் வேறு எதையாவது வைத்து நிரப்பிவிடுவோம் என்றேன். மெயில் எதுவும் போடாமல் கேமராவை மட்டும் திறந்து, அது மேலே பார்க்கிற மாதிரி ஃபோனைக் குப்புறப் படுக்க வைத்து வீடியோ ஓட விட்டோம். மெமரி நிரம்பும் மட்டும் மதியம் பூரா ஓடியது. அதன் மேல் இன்னொரு ரீசெட். வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் இரண்டு பேரும் அவள் கொண்டுவந்த புளிச்சாதத்தைப் பங்கு போட்டோம். கிளம்பும்போதுதான் முதன்முதலாகச் சிரித்தாள்: "அக்கா, இனி யாராச்சும் இந்த ஃபோனைத் தோண்டுனா, ஒங்க கடை சீலிங் ஃபேன்தான் சுத்தும்."

கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

இம்புட்டு நேரம் என் சாமர்த்தியத்தையே சொல்லிவிட்டேன். இது நான் மாட்டிக்கொண்ட கதை. இம்மானுவேல் அண்ணனுக்கு வீடு கோச்சடையில், வேலை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கிளார்க். சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர். டிசம்பர் தொடக்கத்தில் ஃபோனைக் கொண்டுவந்தார். நம்பர் ஏறிவிட்டதா, படம் ஏறிவிட்டதா, வாட்ஸ்அப் பேக்கப் எடுத்தாச்சா, பேங்க் ஆப்புக்கு சிம் கையில் இருக்கிறதா, எல்லாம் கேட்டேன். எல்லாம் சரி. ரீசெட் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. "செல்வி, வாய்ஸ் ரெக்கார்டர்ல பதினோரு பாட்டு இருந்துச்சும்மா. அது எங்க வரும்?" என்று கேட்டார்.

எங்கும் வராது. அதை மட்டும் நான் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்காக அவரே மெட்டமைத்த ஒரே பாட்டு, பதினோரு பேர் குரலில். குழுவில் நர்ஸ் இருக்கிறார், டீச்சர் இருக்கிறார், பஸ் கண்டக்டர் இருக்கிறார். ஒரே நேரத்தில் கூட முடியாததால் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகப் பதிந்து, அதைப் போட்டுக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் பழக்கினார். மெட்டு வெளியே போய்விடும் என்று யாருக்கும் அனுப்பியும் வைக்கவில்லை. "தப்பு எம்மேலதான் அண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது. சனிக்கிழமை கடையை சேகர் அண்ணனிடம் விட்டுவிட்டுக் கோச்சடைக்குப் போனேன். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நான்தான் பட்டன் அமுக்கினேன். டூட்டி முடிந்து நேரே வந்த நர்ஸம்மா யூனிஃபார்மோடு பாடினார். கண்டக்டருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அவருக்கு மட்டும் நாலு தரம். ஒவ்வொன்று முடிந்ததும் இரண்டு இடத்தில் காப்பி போட்டேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். எனக்குப் பாட்டு நுணுக்கம் தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். முடிந்து வெளியே வந்ததும் இம்மானுவேல் அண்ணன் ஒரு துண்டு கேக்கை என் கையில் வைத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "முதல்ல பதிஞ்சதுல ரெண்டு பேரு தப்பாப் பாடியிருந்தாங்கம்மா. மனசு நோகாம எப்படித் திரும்பப் பாடச் சொல்றதுன்னு ஒரு மாசமா முழிச்சிக்கிட்டு இருந்தேன். நல்ல வேளை, நீ அழிச்ச."

இத்தனை வருஷம் அடுத்தவர் ஃபோனை வெறுமையாக்கியே பிழைத்ததில் நான் கற்றுக்கொண்டது, அழிப்பதற்கு ஒரு விரல் போதும், என்ன அழியப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் குறைந்தது இரண்டு டீ சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான்.