ஐஸுக்குப் போர்த்திய கம்பளி

யுத்தம் முடிந்து மலிவாக விற்ற பட்டாளத்துக் கம்பளி ஒன்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இருந்தது. அதை நான் சைக்கிளில் கட்டுவதைப் பார்த்து அம்மா கேட்டாள்: "இன்னாடா, காலேஜ்ல யாருக்கு ஜுரம்?"

"ஐஸுக்கும்மா."

"ரொம்பப் படிச்சா இப்டித்தான் ஆவும் போல கீது," என்று சிரித்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பு என்பதையே அவள் என்னை வைத்துத்தான் எடைபோட்டாள்.

அப்போது நான் பொறியியல் கல்லூரியில் செய்முறை சொல்லித்தரப் புதிதாகச் சேர்ந்த டெமான்ஸ்ட்ரேட்டர். வெப்பம் எப்படிக் கடக்கிறது என்ற பாடத்தில் மாணவர்கள் கணக்குகளை மடமடவென்று போடுவார்கள். ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி சேர்க்க எனக்கு ஆசை: ஐஸைக் கம்பளியால் மூடினால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா?

"வகுப்புல செஞ்சு காட்டும்," என்றார் புரொபசர். "பையன்களுக்குப் பிடிபட்டா கேள்வி இருக்கட்டும். இல்லேன்னா கணக்கே போதும்."

ராயப்பேட்டையில் ஐஸ் வாங்கினேன். உருகாமலிருக்கக் கடைக்காரர் சுற்றித் தந்த சாக்கையும் மரத்தூளையும் வகுப்புக்கு வெளியிலேயே உதறிவிட்டேன். விடை தெரிந்துவிடக் கூடாதே. ஒரே அளவில் இரண்டு துண்டு. ஒன்றைக் கம்பளியில் சுற்றினேன். மற்றதைத் தட்டில் திறந்தே வைத்தேன்.

"கம்பளி சூடு சார். உள்ள இருக்கறது கஞ்சியாயிடும்," என்றான், கணக்கில் எப்போதும் முதலாக வருபவன். வகுப்பே அவன் பக்கம்.

அப்புறம் ஒருவனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், யாராவது கம்பளியைத் தூக்கிப் பார்ப்பான். "இன்னும் கீதுடா நைனா!" என்று பின்வரிசைக்குச் செய்தி போகும். உடனே அடுத்தவன் வருவான். புரொபசர் வந்து கம்பளியைப் பிரித்தபோது இரண்டு துண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடந்தன.

எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்ன ஐயா இது?" என்றார்.

கணக்குப் புலி எழுந்தான். "சார் மேல தப்பில்ல சார். நாங்கதான் தொறந்து தொறந்து பார்த்தோம். வெளிச்சூடு உள்ள பூந்துடுச்சு."

"கம்பளியே சூடுதானே?" என்று கேட்டேன் நான்.

"அதுக்கேது சார் சூடு? நாம போத்திக்கிட்டா நம்ம சூட்டை வெளிய விடாது. ஐஸுக்குப் போத்தினா வெளிச்சூட்டை உள்ள விடாது. அவ்ளோதான்..." பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. பெஞ்சுகள் அதிரத் தட்டினார்கள்.

"கேள்வி இருக்கட்டும்," என்றார் புரொபசர். "அடுத்த தடவை கம்பளிக்கு ஒரு பூட்டுப் போடும்."

சாயங்காலம் நனைந்த கம்பளியைப் பிழிந்துகொண்டே அம்மா கேட்டாள்: "இன்னாடா, ஜுரம் வுட்டுச்சா?"

"நல்லா வேர்த்து வுட்டுச்சும்மா," என்றேன்.