ஆடியது முன்சக்கரம் அல்ல

முதல் அறிகுறி என் உடம்பில் தெரியவில்லை, சைக்கிளில்தான் தெரிந்தது. கோவில்பட்டிக்கு வெளியே, உளுந்து விதைத்த கரிசல் காட்டுக்கு நடுவே போகும் தார்ச்சாலையில், ஓட்டிக்கொண்டே குனிந்து செயினைப் பார்த்தேன். புதுச் செயின். அது ஓடுகிற அழகைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிமிர்ந்தபோது முன்சக்கரம் வலப்பக்கம் இழுத்தது. நானும் சைக்கிளும் உளுந்துக்குள் கிடந்தோம்.

கடலைமிட்டாய்க் கடை என் பிழைப்பு. பழைய ஸ்டீல் ஃபிரேம்களைத் தேடிப் பிடித்து சைக்கிள் கட்டுவது என் பைத்தியம். இந்த ஃபிரேம் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. துருவைச் சுரண்டி, கரும்பச்சை பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு பாகமாகப் பூட்டினேன். குழாயை விரலால் சுண்டினால் ணங்கென்று சத்தம் வரும். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டீல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஓட்டி இறங்கினால் முதுகு இருப்பதே தெரியாது.

இப்படிப்பட்ட சைக்கிள் என்னைக் கீழே தள்ளியதில் எனக்கு அவமானம். கோட்டம் எடுத்தேன் (கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சக்கரத்தை நேராக்குவது). மறுபடி ஆடியது. ஹேண்டிலைக் கழற்றி, உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகளை மாற்றினேன். மறுபடி ஆடியது. ஃபிரேமே கோணலோ என்று நூல் பிடித்துப் பார்த்தேன். என் மனைவி செல்வராணி வந்து சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சக்கரம் நேராத்தான் ஓடுது. நீங்கதான் ஆடுதீங்க."

கேலி என்று நினைத்தேன்.

சில நாள் கழித்து, காலையில் படுக்கையில் புரண்டேன். அறையே சுழன்றது. கரண்ட் இல்லை, ஆனாலும் ஃபேன் சுற்றுவதாகத் தெரிந்தது. கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "ஏட்டி, பிடி, விழப்போறேன்" என்று கத்தினேன்.

"படுத்துக்கிட்டு எங்க போயி விழுவீங்க?" என்றாள். ஆனாலும் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

சுழற்சி சட்டென்று நின்றது. பயம் நிற்கவில்லை. எனக்குப் பெயர் தெரிந்த மூளை நோயெல்லாம் வரிசையில் வந்து நின்றன. இனிமேல் சைக்கிள் கிடையாது என்ற எண்ணம், உண்மையைச் சொன்னால், அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது.

தலைசுற்றலுக்கு எதற்குக் காது டாக்டர் என்று முனகிக்கொண்டே போனேன். டாக்டர் ஒரு பெண். உட்கார வைத்து, தலையைத் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். உலகம் சுழன்றது. என் கண்மணிகள் துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார் (எந்தக் காதில் கோளாறு என்று அந்தத் துடிப்பு காட்டிக்கொடுக்குமாம்).

"உள்காதுல சின்னச் சின்னச் சுண்ணாம்புத் துகள் இருக்கும் அண்ணாச்சி. நாம நிமிந்திருக்கோமா சாஞ்சிருக்கோமான்னு அதை வச்சுத்தான் தெரியுது. உங்களுக்கு அதுல கொஞ்சம் எடம் மாறிப் போச்சு."

"பால்ரஸ் கழண்டு ஓடுன மாதிரியா டாக்டர்?"

"அப்படியே வச்சுக்கோங்க. உருட்டித் திரும்ப எடத்துல விடணும்."

ஊசி இல்லை. தலையை ஒரு பக்கம், மறு பக்கம், பிறகு உடம்போடு புரட்டி, மெல்ல எழுப்பி உட்கார வைப்பது. அவ்வளவுதான் வைத்தியம். நடுவில் நான் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தேன். "பிரேக் பிடிக்காதீங்க, தளர விடுங்க" என்றார்.

இதைத் தலைசுற்றலோடு படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாத் தலைசுற்றலும் காதிலிருந்து வருவதில்லை. பேச்சு குழறினாலோ, கைகால் தளர்ந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல சைக்கிளை ரிப்பேர் செய்துகொண்டிருக்காதீர்கள்.

கடைக்கு வருபவர்களிடம் துகள் என்று சொன்னேன். அது ஊருக்குள் போய்க் கல்லாகிவிட்டது. அண்ணாச்சிக்குக் காதில் கல் என்று ஆளாளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்தார்கள். குடிக்கவா, காதில் ஊற்றவா என்பதில் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை.

சுழற்சி போனாலும் மிதப்பு போகவில்லை. டாக்டர் பயிற்சி கொடுத்திருந்தார்: சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும், கண்ணை மூடி நிற்க வேண்டும். கண்ணை மூடினால் சாய்ந்துபோனேன். கண்ணை மூடினால் நிற்கத் தெரியாதவன் இரண்டு சக்கரத்தில் எப்படிப் போவான்? ஒரு சாயங்காலம், "சைக்கிளை வித்துருவோம்" என்றேன்.

"விக்க வேண்டாம். சீட்டை இறக்கிக் குடுங்க" என்றாள் செல்வராணி.

அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஓட்டியதுதான். சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் திரும்பும் வரை தெருப்பக்கம் காது வைத்து, கல்லாவில் தவித்துக்கொண்டிருப்பேன். மழை பெய்த மறுநாள் சைக்கிளைக் கரிசல் சேற்றில் இறக்கிவிட்டாள். மண் அப்பிச் சக்கரம் சுற்றவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு, முகமெல்லாம் சேறும் சிரிப்புமாக வந்தாள். "நல்ல கனம்" என்றாள். என் ஃபிரேமுக்கு ஒருவர் சொன்ன முதல் பாராட்டு அது.

டாக்டர் கடைசியில் அனுமதித்தார். "ஓட்டுங்க. ஆனா தலையைச் சடார்னு திருப்பக் கூடாது." சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சீட்டை உயர்த்தப் போனேன்.

"அது எனக்குப் பழகிப்போச்சு. நீங்க வேற ஒண்ணு கட்டிக்கோங்க."

கட்டினேன். குனிய முடியாததால் ஃபிரேமைக் கயிற்றில் நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டு, நின்றுகொண்டே பூட்டினேன். முன்பெல்லாம் அவசரமாக முறுக்கிய ஒவ்வொரு நட்டும் இப்போது கண்ணெதிரே வந்து நின்று நிதானமாக முறுக்க வைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் கயத்தாறு ரோட்டில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். வலப்பக்கம் பிரியும் பாதையில் திரும்ப வேண்டும்.

"பின்னால லாரி வருதா, பாருங்க" என்றாள்.

பிரேக் பிடித்தேன். இறங்கினேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, தலையை அசைக்காமல், முழு உடம்பையும் மெதுவாகத் திருப்பினேன். அதற்குள் லாரி எங்கள் இருவரையும் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு தூரத்தில் போயிருந்தது. நான் திரும்பிப் பார்த்த பக்கம் வெறும் ரோடு.

"வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல, போயிட்டுது" என்றேன்.