கூரை ஏறுமுன் மூன்று குரல்

எங்கள் தெருவில் ஓட்டின் மேல் ஏறுகிற ஆண்பிள்ளை முதலில் மூன்று முறை கத்த வேண்டும். ராஜபாளையத்தில் நாங்கள் இருந்த தெருவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். மேலே ஏறினால் பக்கத்து வீட்டு முற்றம் முழுசாகத் தெரியும். "ஓடு ஏறப் போறேன், பொம்பளையாளுக உள்ள போங்க!" என்று குரல் கொடுத்து, கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம்.

புரட்டாசிக் கடைசியில் தெருவே கத்தும். மண்ணெண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நிமிர்த்தி, ஓட்டு விளிம்புக்குக் கீழே வாய்க்கால் போல மாட்டியிருப்போம். அதில் வருஷம் முழுக்க வேப்பஞ்சருகு சேர்ந்துகிடக்கும். ஐப்பசி மழைக்கு முன் அள்ளிப் போடாவிட்டால் தண்ணீர் முற்றத்துக்கு வராமல் சுவரில் இறங்கிவிடும். எங்களுடையதோ மண்சுவர்.

நானும் வருஷம் தவறாமல் கத்தினேன். கத்தியதோடு சரி. ஏறியது என் மனைவி.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, இங்கே ஜவுளிக்கடையில் உட்கார்ந்து துணி கிழித்துக் கொடுத்தவன். ஏணியில் நாலாவது படிக்கு மேல் என் முழங்கால் என் பேச்சைக் கேட்காது. அவள் வ. புதுப்பட்டிக்காரி, புளியமரத்தில் ஏறி உலுக்கி வளர்ந்தவள். கல்யாணமான முதல் வருஷமே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். பொம்பளை கூரை ஏறுகிறாள் என்று தெரிந்தால் தெருவில் என் தலை நிமிராது என்பதால், கீழே நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுப்பது என் பங்கு. இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

ஏழாவது வருஷம் அவளுக்கு ஏழு மாதம். ஆறு வருஷம் காத்திருந்து தரித்த பிள்ளை. அவளுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் எங்கள் வீட்டில்தான். அதற்கென்று ஒதுக்கிய அறையின் சுவர்தான் அந்தத் தகர வாய்க்காலுக்கு நேர் கீழே இருந்தது. போன மழையிலேயே கொஞ்சம் வழிந்து, அதில் ஒரு முழத்துக்கு ஈரம் இறங்கி, மண் உதிர்ந்திருந்தது. இந்தத் தடவை அடைத்துக்கொண்டால் சுவர் நிற்காது. வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றால், ஆறு வருஷமாகத் தானே ஏறிய வீராதி வீரன் இப்போது ஏன் கூப்பிடுகிறான் என்று கேட்பார்களே!

அய்யனார் கோவில் பக்கம் மலை மழைமேகத்தால் கறுத்துவிட்டது. "நான் செத்த நேரத்துல ஏறி அள்ளிட்டு வாரேன்" என்றாள் அவள். எனக்கு வந்த கோபத்தில் ஏணியைப் பிடுங்கி நானே சாத்தினேன். மூன்று முறை கத்தினேன். ஏறினேன்.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான சுவரின் மேல் பல்லி மாதிரி குப்புறப் படுத்து, கைக்கு எட்டிய சருகை அள்ளி எறிந்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எண்ணெய் வைத்த தலையோடு, எனக்கு முதுகைக் காட்டி முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏமே! வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு இந்த வருஷமும் நீதான் ஏறணுமா? அந்த மனுஷன் கீழ நின்னு கூப்பாடு போடத்தான் லாயக்கா?"

ஆறு வருஷமும் என் குரலைக் கேட்டு அவர் உள்ளே போனதே இல்லை என்பதும், கதவுச் சத்தத்துக்கு நான் காதுகொடுத்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஏறுகிறது இன்னொரு பெண் என்றால் எதற்குப் போக வேண்டும்? தெருவில் அம்புட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒருவன்தான் ரகசியத்தைக் கட்டிக்காத்துக்கொண்டிருந்தேன்.

பதில் வராததால் அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். "ஐயய்யோ, ஆம்பளை!" என்று அலறிக்கொண்டு உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினார். அந்த அலறலுக்குத் தெரு திரண்டுவிட்டது.

இறங்கி ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் தகரத்தில் தண்ணீர் இறங்கும் முனையை ஓர் அணில் கூடு அடைத்துக்கொண்டிருந்தது; முதல் தூறலும் முதுகில் விழுந்துவிட்டது. தெருவே பார்க்க, இன்னும் இரண்டு முழம் ஊர்ந்துபோய், கூட்டைப் பிடுங்கி எறிந்தேன். சிறிது நேரத்தில் தகரத்தில் தண்ணீர் ஓடி முற்றத்தில் கொட்டியது. அறைச் சுவர் காய்ந்தே இருந்தது.

கீழே இறங்கினேன். ஒரு கையால் ஏணியையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள்.

"எதுக்குச் சிரிக்கே? மானமே போச்சு" என்றேன்.

"போகட்டும். ஏறினது நீங்கதான்னு இந்த வருஷம் ஊரே சாட்சி சொல்லும்ல" என்றாள்.