மேட்டுக்கு நெல் ஏறிய வாய்க்கால்

அறுபதுகளில் திருச்சியில் இன்ஜினீயரிங் படித்தபோது, கடைசி வருஷ புராஜெக்டாக நானும் என் கூட்டாளியும் செய்தது ஒரு தகர வாய்க்கால். பெயர் அவன் வைத்தது. லால்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, வேறென்ன வைப்பான்? சாய்வாக நிறுத்திய பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் நீளமாக மடித்த தகரம், அடியில் மின்காந்தம். கரண்ட் கொடுத்தால் தகரம் அதிரும். அந்த அதிர்விலேயே நெல் தத்தித் தத்தி மேலே போக வேண்டும். "தண்ணிதான் பள்ளத்துக்கு ஓடும். நம்ம வாய்க்கால்ல நெல்லு மேட்டுக்கு ஓடும் பாரு" என்பான். நெல்லோ நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் அவனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, "ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் பாருடா" என்றான். சாய்த்தேன். நெல் ஏறியது! சொல்ல ஓடினால், டாக்டர் கையை விரித்துவிட்டார், ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்.

வாய்க்காலை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நெல் ஏறுவதை அவன் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், எனக்கு அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்துக்காரனான எனக்கு எங்கே தெரியும், அந்த ஊரில் பம்புசெட்டுக்குத்தான் கரண்ட், வீடுகளுக்கு இல்லை என்று! அவனை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து வயலுக்குக் கொண்டுபோனோம்.

நான் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது அவன் அம்மா, புது மெஷினுக்குச் செய்வதுபோல, தகரத்துக்குள் வரிசையாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். ஸ்விட்சைப் போட்டேன். அழகாகக் கிளம்பிய நெல், முதல் பொட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வந்ததெல்லாம் அங்கேயே குவிந்தது.

துடைக்கத் துணியை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அவன் இப்படிக் கெடக்குறப்ப குங்குமத்தை அழிக்காதீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு துடைப்பு, அவ்வளவுதானே! அவனோ படுத்தபடியே சிரித்தான்.

"விடுடா. அம்மா வச்சது இருக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலையில் அவன் இல்லை.

காரியம் முடிந்த பிறகு வாய்க்காலை எடுத்துவரப் போனேன். பம்புசெட் கொட்டகையில், சந்தனம் காய்ந்து வெடித்து, வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மாவும் கூடவே வந்தார். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு பொட்டாக அழுத்தித் துடைத்தார். இரண்டு கை நெல்லை அள்ளிப் போட்டார்.

"இப்ப ஓட்டுங்க தம்பி."

ஓட்டினேன். ஒரு மணிகூட நிற்காமல் ஏறியது. மேல் முனையில் அவர் கையை ஏந்திக்கொண்டு நின்றார். நெல் உள்ளங்கையில் வந்து விழ விழ, "ஏறுது சாமி, பாரு, ஏறுது" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணை நீர் மறைத்தது. நெல் தீர்ந்த பிறகும் ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருந்தேன்.