இரவல் சுடலை

தெய்வத்தின் பெயரால் பொய் சொன்னேன். வாயால் மட்டுமல்ல, செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் சொன்னேன்.

தாமிரபரணியின் தென்கரையில் என் நிலம். செஞ்சரள் மேடு. பக்கத்திலேயே கால்வாய் ஓடும். தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. மேட்டை வெட்டி இறக்கினால் நெல் விளையும். சாலை போடுகிறவர்களுக்கு மண் வேண்டியிருந்தது. எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

ஆனால், மண் அள்ளுமுன் தொல்லியல்காரர்கள் வந்து பார்க்க வேண்டுமாம். மழை பெய்தால் மேட்டின் மூலையில் மூன்று தாழிகளின் வாய் தெரியும். அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானைகள். அவற்றைக் கண்டால் ஒரு கூடை மண்கூட எடுக்க விடமாட்டார்கள்.

மைத்துனன் வழி சொன்னான். "தாழிக்கு மேல ஒரு சுடலைமாடன் பீடத்தைக் கட்டிருவோம் அத்தான். சாமின்னா எவனும் கை வைக்க மாட்டான்."

"பாவம்லே!"

"என்ன பாவம்? கொஞ்ச நாள் இரவலா வந்துட்டுப் போவாரு. கோவிச்சுக்கிட மாட்டாரு!"

வெள்ளிதோறும் விரதமிருக்கிற நான் சிரித்தேன். சிரித்தேனே!

ஆய்வுக்கு ஒரு பெண் வந்தார். மேடு முழுக்கக் குனிந்து குனிந்து நடந்தார். பீடத்தருகே செருப்பைக் கழற்றினார்.

"எத்தனை தலைமுறையா கும்பிடுறீங்க ஐயா?"

"ஏழு தலைமுறைம்மா. கேட்டதைக் குடுப்பாரு."

அந்தக் கடைசி வார்த்தையை யார் என்னைச் சொல்லச் சொன்னது?

அவர் கைகூப்பி, கண்மூடி வெகுநேரம் நின்றார். பீடத்தைச் சுற்றி மட்டும் மண் எடுக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு போனார்.

அனுமதி வந்த அன்றே, கடப்பாரை பிடித்து நானே பீடத்தை இடித்தேன். பொக்லைன் இறங்கியது. தாழி உடைந்து, சின்னதாய் ஒரு தாடை எலும்பு உருண்டு வந்தது. அதில் பால்பற்கள்... 'நிறுத்து' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எல்லாம் லாரியில் ஏறிச் சாலைக்கு அடியில் போயிற்று.

போன கார்த்திகையில் அந்தப் பெண் மறுபடி வந்தார். இடுப்பில் குழந்தை. பின்னால் புருஷன், பொங்கல் பானையோடு.

"நீங்க சொன்னது நிஜம் ஐயா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சுப் பிள்ளையக் குடுத்துட்டாரு. பீடம் எங்க?"

முழங்கால் உயரம் பயிர் நின்றது. "இங்கனதான்... பயிருக்குள்ள இருக்காரும்மா" என்றேன். மறுபடியும் பொய்!

மேட்டை வெட்டி இறக்கிய வயலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புரிந்ததோ என்னவோ. செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் நின்று கும்பிட்டார். நானும் கைகூப்பினேன். யாரை? நீங்களே சொல்லுங்கள், யாரைக் கும்பிட்டேன்?

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழ்வாயில் இரண்டு பால்பற்கள்.

நெல் அறுத்து வீடு சேர்ந்துவிட்டது. அந்தச் சோறு ஒரு வாய்கூட என் தொண்டையில் இன்னும் இறங்கவில்லை...